லாக்டோபேசிலஸ் 25 பேரினங்களானது எப்படி, பழைய பெயரை இன்னும் எழுதலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: இத்தனை நாள் லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் என்று அச்சிட்டு வந்த ப்ரோபயாட்டிக் காப்ஸ்யூல் டப்பாவில் இப்போது லாக்டிகேசிபேசிலஸ் ராம்னோசஸ் என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியாவை மாற்றிவிட்டார்களா? இந்தப் பெயர்களை யார், எந்த அதிகாரத்தில் மாற்றுகிறார்கள்? முதுகலை ஆய்வேட்டில் பழைய பெயரை எழுதினால் தப்பா? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பாக்டீரியாவின் பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து இனங்காணும் ஆய்வகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை, அந்தக் காப்ஸ்யூலைச் சாப்பிடலாமா, எத்தனை நாள் சாப்பிடலாம் என்பதெல்லாம் என் எல்லைக்கு வெளியே. பெயர் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரின் முதல் சொல் பேரினத்தையும், இரண்டாவது சொல் அதற்குள் உள்ள சிற்றினத்தையும் குறிக்கும். ராம்னோசஸ் என்ற சொல் அப்படியே இருந்து, அதற்குப் பின்னால் வரும் எழுத்துக்களும் எண்களும் மாறாமல் இருந்தால், அது அதே பாக்டீரியாதான். அந்த எழுத்தும் எண்ணும்தான் ஸ்ட்ரெய்னின், அதாவது சிற்றினத்துக்குள் உள்ள குறிப்பிட்ட ஒரு வம்சத்தின் அடையாளம். டப்பாவில் அது இல்லவே இல்லை என்றால், பெயர் மாறுவதற்கு முன்பும் உள்ளே இருந்தது எது என்று உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

இனி கொஞ்சம் விரிவாக. ‘லாக்டிக் அமில பாக்டீரியா’ என்பது வகைப்பாட்டில் ஓர் அலகே அல்ல. சர்க்கரையை நொதிக்க வைத்து முக்கியமாக லாக்டிக் அமிலத்தை வெளியே விடும், கிராம் சாயம் ஏற்கும், பொதுவாகக் கேட்டலேஸ் நொதி இல்லாத பாக்டீரியாக்களைப் பால்துறையினர் ஒரே கூடையில் போட்டு அழைத்த பெயர் அது. லிஸ்டர் 1870-களில் புளித்த பாலிலிருந்து ஒன்றைப் பிரித்து பாக்டீரியம் லாக்டிஸ் என்றார். ஒரு பாக்டீரியாவைக் கலப்பில்லாமல் தனியாக வளர்த்துக் காட்டிய முதல் சிலரில் அவரும் ஒருவர். அறுவைசிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த அதே லிஸ்டர்தான். லாக்டோபேசிலஸ் என்ற பேரினத்தை பெய்ஜரிங்க் 1901-ல் வைத்தார். ஆனால் அடுத்த அறுபது எழுபது வருடத்துக்கு இந்தத் துறை எப்படி யோசித்தது என்பதைத் தீர்மானித்தவர் டென்மார்க்கின் ஓர்லா-ஜென்சன். 1919-ல் வந்த அவருடைய நூல் நான்கைந்து கேள்விகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்தது: கோலா, உருண்டையா? எந்த வெப்பநிலையில் வளர்கிறது? குளுக்கோஸிலிருந்து லாக்டிக் அமிலம் மட்டும் தருகிறதா, கூடவே வாயுவும் விடுகிறதா? எந்தெந்தச் சர்க்கரையைத் தொடுகிறது?

இந்தக் கேள்விகள் இன்றைக்கும் ஆய்வக மேசையில் உயிரோடு இருக்கின்றன. எம்ஆர்எஸ் அகார் என்ற வளர்ப்பூடகத்தில் வெள்ளையாக, சிறியதாக ஒரு காலனி வளர்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதை ஒரு கண்ணாடித் துண்டில் தேய்த்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட வேண்டும். நுரைக்கவில்லை என்றால் கேட்டலேஸ் இல்லை, மேலே போகலாம். கிராம் சாயமேற்றினால் ஊதா நிறக் கோல்கள். குளுக்கோஸ் குழம்பில் தலைகீழாக ஒரு சின்ன டர்ஹாம் குழாயைப் போட்டு வளர்த்தால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ குழாயின் உச்சியில் வாயுக்குமிழ் சேர்ந்திருக்கும், அல்லது இருக்காது. குமிழ் இருந்தால் சர்க்கரை பாஸ்போகீட்டோலேஸ் வழியாகப் போய் லாக்டிக் அமிலத்தோடு எத்தனாலும் கார்பன் டைஆக்சைடும் வந்திருக்கிறது, கலப்பு நொதிப்பு. இல்லையென்றால் கிளைக்காலிசிஸ் வழி; கிட்டத்தட்ட எல்லாமே லாக்டிக் அமிலம். அப்புறம் 15 டிகிரியிலும் 45 டிகிரியிலும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பது, ஆர்ஜினினிலிருந்து அம்மோனியா வருகிறதா என்பது, வெளியே வரும் லாக்டிக் அமிலம் டி வகையா எல் வகையா இரண்டுமா என்பது, நாற்பத்தொன்பது சர்க்கரைகளும் அவற்றின் உறவினர்களும் வரிசையாக உள்ள ஏபிஐ பட்டையில் எந்தக் குழியில் நிறம் மாறுகிறது என்பது. ஒழுங்காகச் செய்தால் இதில் கிடைக்கும் தகவல் உண்மையானதுதான். பாக்டீரியா என்ன செய்கிறது என்று அது சொல்லும். யாருக்கு யார் சொந்தம் என்பதைத்தான் அது சொல்லாது.

சர்க்கரையைத் தின்னும் மரபணுக்கள் பல சமயம் பிளாஸ்மிடில், அதாவது முக்கிய டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஸ்ட்ரெய்னுக்கு ஸ்ட்ரெய்ன் வரும், போகும். வடிவமும் நம்பக்கூடியதல்ல. 1977-ல் கார்ல் வூஸ் ரைபோசோம் ஆர்என்ஏ வரிசையை வைத்து உயிர்களின் உறவைப் படிக்கலாம் என்று காட்டிய பிறகு, அந்த முறையை இந்தக் கூட்டத்தின் மீது வைத்துப் பார்த்தார்கள். பழைய சுவர்கள் ஒன்றொன்றாக இடிந்தன. உருண்டையாக, நாலு நாலாக நிற்கும் பீடியோகாக்கஸ், கோல் வடிவ லாக்டோபேசிலஸ்களின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. லியூகோனோஸ்டாக்கின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். லாக்டோபேசிலஸ் என்று பெயர் வாங்கியிருந்த மினூட்டஸ், ரிமே ஆகிய இரண்டும் இந்தப் பக்கமே சேராதவை என்று தெரிந்து அட்டோபோபியம் என்ற வேறு பேரினத்துக்குப் போயின. லாக்டோபேசிலஸ் சைலோசஸ் என்பது உண்மையில் ஒரு லாக்டோகாக்கஸ். பழைய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பேரினத்தை ஷெர்மன் 1937-லேயே நான்கு கூட்டமாகப் பிரித்துக் காட்டியிருந்தார். அதில் குடல் கூட்டம் 1984-ல் என்டரோகாக்கஸ் ஆனது, பால் கூட்டம் 1985-ல் லாக்டோகாக்கஸ் ஆனது. லிஸ்டரின் பாக்டீரியம் லாக்டிஸ் கடைசியாகக் கரைசேர்ந்த இடம் அது. லியூகோனோஸ்டாக்கிலிருந்தும் லாக்டோபேசிலஸிலிருந்தும் சிலவற்றை எடுத்து 1993-ல் வைசெல்லா வந்தது. லியூகோனோஸ்டாக் ஈனோஸ் 1995-ல் ஈனோகாக்கஸ் ஈனி ஆனது. அதாவது 2020-ல் திடீரென்று யாரோ கலைத்துப் போட்டார்கள் என்பதில்லை. கலைப்பு அதற்கு முன்பே பல வருடமாக நடந்துகொண்டிருந்தது; லாக்டோபேசிலஸ் என்ற பெரிய மூட்டையை மட்டும் யாரும் அவிழ்க்காமல் வைத்திருந்தார்கள்.

மூட்டை எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதற்கு ஒரே ஒரு அளவு போதும். ஒரு பேரினத்துக்குள் டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துக்களின் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. லாக்டோபேசிலஸில் அது 32 சதவீதத்தை ஒட்டித் தொடங்கி 55-ஐத் தாண்டிப் போனது. மரபணு வேறுபாட்டைப் பார்த்தால் ஒரு சாதாரண குடும்பத்துக்குள் இருப்பதைவிட இந்த ஒரு பேரினத்துக்குள் அதிகம். 2020 மார்ச் நிலவரப்படி 261 சிற்றினங்கள். எல்லாவற்றின் முழு ஜீனோமும், அதாவது மொத்த டிஎன்ஏ வரிசையும் கைக்கு வந்த பிறகு, ஜெங், விட்டூக், கென்சில், லெபேர் உள்ளிட்ட ஒரு பன்னாட்டுக் குழு அந்த வருடமே இதைப் பிரித்துப் போட்டது. லாக்டோபேசிலஸ் என்ற பெயர் டெல்புரூக்கி என்ற மூலச் சிற்றினத்தோடும் அதன் நெருங்கிய சொந்தங்களோடும் நின்றது: ஆசிடோபிலஸ், கேசரி, ஜான்சோனி, கிறிஸ்பேட்டஸ், ஹெல்வெடிகஸ் போன்றவை. பாராலாக்டோபேசிலஸ் ஏற்கெனவே தனியாக இருந்தது. மீதி எல்லாம் 23 புதிய பேரினங்களுக்குப் போயின. ராம்னோசஸ், கேசி, பாராகேசி மூன்றும் லாக்டிகேசிபேசிலஸில்; பிளாண்டாரம் லாக்டிபிளாண்டிபேசிலஸில்; ரியூட்டரியும் ஃபெர்மென்டமும் லைமோசிலாக்டோபேசிலஸில்; பிரெவிஸ் லெவிலாக்டோபேசிலஸில்; சலிவாரியஸ் லிஜிலாக்டோபேசிலஸில். லியூகோனோஸ்டாக் குடும்பம் தனியாக நிற்பதற்குக் காரணமில்லை என்று அதையும் லாக்டோபேசிலேசி குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், புதிய கோடுகள் பழைய டர்ஹாம் குழாயோடு பெருமளவு ஒத்துப்போவது. வாயு விடுகிற கூட்டங்கள் மரத்தில் ஒரு பக்கமாகச் சேர்கின்றன. ஓர்லா-ஜென்சன் கேட்ட கேள்விகளில் அந்த ஒன்று நல்ல கேள்வி.

இதை யார் ‘ஆணையிட்டார்கள்’? யாரும் ஆணையிடவில்லை, இங்கேதான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். பெயர் வேறு, வகைப்பாடு வேறு. பாக்டீரியாக்களுக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. பெயர் எப்படி அமைய வேண்டும், எங்கே வெளியிட்டால் செல்லும், இரண்டு பெயர் மோதினால் எது முந்தியது என்பதையெல்லாம் அது சொல்லும். எந்தச் சிற்றினம் எந்தப் பேரினத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லாது. வகைப்பாட்டுச் சிந்தனையின் சுதந்திரத்தை இந்த விதிகள் கட்டுப்படுத்தா என்று அதன் முதல் கோட்பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விதிப்படி வெளியான ஒரு பெயர், பின்னால் இன்னொரு பெயர் வந்ததாலேயே செல்லாமல் போவதில்லை. லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் இன்றும் செல்லுபடியாகும் பெயர். லாக்டிகேசிபேசிலஸ் ராம்னோசஸும் செல்லுபடியாகும் பெயர். 2020-ன் பிரிப்பை ஏற்கிறீர்கள் என்றால் நீங்கள் எழுத வேண்டியது இரண்டாவது. ஏற்காமலும் இருக்கலாம், ஆனால் நடைமுறையில் ஆய்விதழ்கள், மரபணுத் தரவுத்தளங்கள், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பாதுகாப்புப் பட்டியல் என்று எல்லோரும் புதியதற்கு மாறியாகிவிட்டது. தனியாக எதிர்நீச்சல் போட்டு நீங்கள் நிரூபிக்கப்போவது ஒன்றுமில்லை. ஒரு மாவட்டத்தைப் பிரித்துப் புது மாவட்டம் அறிவித்தால் முகவரியின் கடைசி வரி மாறும்; வீட்டில் இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். டப்பாவில் நடந்தது அவ்வளவுதான்.

விதித்தொகுப்பில் இரண்டு தேதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1980 ஜனவரி 1 அன்று அங்கீகரிக்கப்பட்ட பெயர்ப் பட்டியல் என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் புழங்கிய ஆயிரக்கணக்கான பெயர்களில் அதில் இடம்பெறாதவை சட்டப்படி காலாவதி. முந்தியது எது என்ற கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. இரண்டாவது, 2001 முதல் ஒரு புதிய சிற்றினத்தை அறிவிப்பவர் அதன் டைப் ஸ்ட்ரெய்னை (அந்தப் பெயருக்கு அடையாளமாக நிறுத்தும் ஸ்ட்ரெய்னை) இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு கல்சர் (உயிருள்ள வளர்ப்பு) சேகரிப்பு மையங்களிலாவது வைக்க வேண்டும். இந்த டைப் ஸ்ட்ரெய்ன்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். சிற்றினத்தின் பெயர் ஒரு விவரணையோடு கட்டப்படவில்லை. உறைபெட்டியில் உயிரோடு இருக்கும் ஒரு குறிப்பிட்ட கல்சரோடு கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் பாக்டீரியா அந்தக் கல்சருக்குப் போதுமான நெருக்கமாக இருந்தால் அந்தப் பெயர், இல்லையென்றால் இல்லை.

அந்தக் கல்சரே தவறான ஆளாக இருந்தால்? அதுதான் கேசியின் கதை. இந்தத் துறையில் இதைவிடப் பெரிய வழக்கு நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஓர்லா-ஜென்சன் பாலாடைக்கட்டியிலிருந்து விவரித்த கேசிக்கு, 1971-ல் ஏடிசிசி என்ற அமெரிக்கச் சேகரிப்பு மையத்தின் 393-ஆம் எண் கல்சரை டைப்பாக நிறுத்தினார்கள். 1980 பட்டியலிலும் அதுவே ஏறிவிட்டது. பிறகு டிஎன்ஏவை ஒன்றோடொன்று கலந்து பொருத்திப் பார்க்கும் சோதனை பரவலானபோது ஒரு சங்கடம் வெளியே வந்தது. உலகெங்கும் கேசி என்று அழைக்கப்பட்ட ஸ்ட்ரெய்ன்களில் பெரும்பாலானவை இந்த 393-க்கு நெருக்கமாகவே இல்லை; அவை வேறொரு கல்சரான ஏடிசிசி 334-ஐச் சுற்றித்தான் கூடி நின்றன. 1989-ல் காலின்ஸும் கூட்டாளிகளும் விதிப்படி போனார்கள். கேசி என்ற பெயர் 393-உடன் இருக்கட்டும், மற்ற பெருங்கூட்டத்துக்குப் பாராகேசி என்று புதுப்பெயர் வைப்போம் என்றார்கள். இன்னொரு தரப்பு, வழக்கத்தில் கேசி என்றால் 334-ன் கூட்டம்தான், ஆகவே டைப்பையே மாற்றுங்கள், பாராகேசியைத் தள்ளுபடி செய்யுங்கள், 393-ஐ ஜியே என்ற பழைய பெயரை உயிர்ப்பித்து அதில் வையுங்கள் என்றது. இரண்டு பக்கமும் விண்ணப்பம், மறுவிண்ணப்பம். கடைசியில் விதித்தொகுப்புக்கான நீதிக்குழு 2008-ல் தன் 82-ஆவது கருத்துரையில் முடித்துவைத்தது: 393-தான் டைப், 334 வேறு வகைக்குரியது என்பதால் டைப்பாக முடியாது, பாராகேசி என்ற பெயர் நிற்கும். இதன் விளைவு என்னவென்றால், நடுவில் கழிந்த இருபது வருடத்து ஆய்வுக் கட்டுரைகளில் கேசி என்று எழுதியிருப்பது கேசியாகவும் இருக்கலாம், பாராகேசியாகவும் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்தக் காலத்துக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது ஸ்ட்ரெய்ன் எண்ணைத் தேடி எடுத்து, அதன் இன்றைய அடையாளம் எது என்று பார்த்த பிறகு எழுதுங்கள். நான் அப்படிப் பார்க்காமல் எந்தக் ‘கேசி’யையும் நம்புவதில்லை.

உங்கள் ராம்னோசஸுக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட ப்ரோபயாட்டிக் ஸ்ட்ரெய்ன்களில் ஒன்று ஜிஜி. கோர்பாக், கோல்டின் என்ற இருவரின் பெயரின் முதலெழுத்து. 1980-களில் அதைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை வாங்கியபோது அதன் பெயர் லாக்டோபேசிலஸ் ஆசிடோபிலஸ். பிறகு கேசியின் துணைச்சிற்றினமான ராம்னோசஸ் என்றார்கள். 1989-ல் அந்தத் துணைச்சிற்றினம் தனிச் சிற்றினமானது, அதே காலின்ஸ் கட்டுரையில். 2020-ல் பேரினம் மாறியது. நான்கு பெயர், ஆனால் தொடக்கத்திலிருந்து இன்றுவரை அதன் சேகரிப்பு எண் ஏடிசிசி 53103. ஆகவே பெயரை வைத்து மட்டும் தேடினால் இந்த ஒரு ஸ்ட்ரெய்னைப் பற்றிய கட்டுரைகளிலேயே பாதி கண்ணில் படாது.

சிற்றினம் என்ற கோட்டை எங்கே இழுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் டிஎன்ஏ பொருத்தத்தில் 70 சதவீதம் என்ற அளவு. 1987 முதல் அதுதான் அளவுகோல். இன்று முழு ஜீனோம்களை ஒப்பிட்டுச் சராசரி ஒற்றுமையைக் கணக்கிடுகிறார்கள், ஏஎன்ஐ என்பார்கள். டைப் ஸ்ட்ரெய்னோடு 95 அல்லது 96 சதவீதத்துக்கு மேல் என்றால் அதே சிற்றினம். மாணவர்கள் இன்னும் அதிகம் நம்புவது ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான 16எஸ் மரபணு வரிசையை. அது ஏறத்தாழ 1500 எழுத்து நீளம், மலிவு, எங்கும் செய்துகொள்ளலாம். பேரினத்தைக் காட்டிக்கொடுக்க அது நல்ல கருவி. சிற்றினத்துக்கு இந்தக் கூட்டத்தில் அது பல இடங்களில் கைவிடும். உதாரணமாக, வரிசையைத் தரவுத்தளத்தில் போட்டதும் முதல் வரியில் பிளாண்டாரம் 99.9 சதவீதம் என்று வரும். மாணவர் சந்தோஷமாக அதை எழுதிக்கொள்வார். கொஞ்சம் கீழே நகர்த்தினால் பென்டோசஸும் பாராபிளாண்டாரமும் கிட்டத்தட்ட அதே எண்ணோடு நிற்கும். இந்த மூன்றின் 16எஸ் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கும். ஏஎன்ஐ பார்த்தால் மூன்றும் தெளிவாக வேறு. இவற்றைப் பிரிக்க ரெக்ஏ மரபணுவை வைத்துச் செய்யும் பிசிஆர் ஒன்று 2001-லிருந்தே இருக்கிறது, செலவும் அதிகமில்லை. கேசி, பாராகேசி, ராம்னோசஸ் மூன்றுக்கும் இதே பிரச்சினை. அங்கே பிஹெச்இஎஸ் போன்ற புரத மரபணுக்கள் உதவும். நீங்கள் தனிமைப்படுத்திய பாக்டீரியாவை 16எஸ் ஒன்றை மட்டும் வைத்து பிளாண்டாரம் என்று ஆய்வேட்டில் எழுதினால், தேர்வாளர் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். ‘பிளாண்டாரம் கூட்டம்’ என்று எழுதுங்கள், அல்லது இன்னொரு மரபணுவைச் சேர்த்துப் பாருங்கள்.

இதில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது? ஸ்ட்ரெய்ன் என்பது கையில் பிடித்துக்காட்டக் கூடிய உண்மை. சிற்றினம் அநேகமாக உறுதி, ஏனென்றால் இயற்கையிலேயே ஏஎன்ஐ மதிப்புகள் 95-க்கு மேல் ஒரு கொத்தாகவும் அதற்குக் கீழே வெகுதூரம் தள்ளியும்தான் பெரும்பாலும் விழுகின்றன. ஆனாலும் நடுவில் நிற்பவை உண்டு. கேசரி என்று வைத்திருந்தவற்றில் பல உண்மையில் வேறு என்று கண்டு 2018-ல் பாராகேசரி என்று பிரித்தார்கள். லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் துணைச்சிற்றினமாக இருந்த கிரிமோரிஸ் 2021-ல் தனிச் சிற்றினமானது. அதில் ஒரு வேடிக்கை, பால்துறையினர் குணத்தைப் பார்த்து கிரிமோரிஸ் என்று அழைத்த ஸ்ட்ரெய்ன்கள் சில ஜீனோமில் லாக்டிஸ், லாக்டிஸ் என்று அழைத்தவை சில ஜீனோமில் கிரிமோரிஸ். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: தனிச் சிற்றினமாக இருந்த பல்காரிகஸ் 1983-ல் டெல்புரூக்கியின் துணைச்சிற்றினமானது. பேரினம்தான் கருத்துக்கு அதிக இடமுள்ள மட்டம். கிளைகள் தனித்தனி என்பதில் சந்தேகமில்லை. முழு ஜீனோமை எந்த முறையில் ஆராய்ந்தாலும் பெரும்பாலும் அதே கிளைகள்தான் வருகின்றன. ஆனால் கிளையை எந்த உயரத்தில் வெட்டி ‘இது ஒரு பேரினம்’ என்று சொல்வது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. 25-க்குப் பதிலாக 15 ஆகவும் வெட்டியிருக்கலாம், 35 ஆகவும் வெட்டியிருக்கலாம். என் அபிப்பிராயத்தில் அவர்கள் வெட்டிய உயரம் நியாயமானது. காரணம், ஒவ்வொரு துண்டும் நொதிப்பு முறையிலும் வாழிடத்திலும் ஏதோ ஒரு பொதுக்குணம் காட்டுகிறது. தேனீயோடு வாழ்பவை, முதுகெலும்பிகளின் குடலோடு வாழ்பவை, செடியிலும் பாலிலும் எங்கும் திரிபவை என்று கூட்டம் பிரிகிறது. வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தும் இதை ஆமோதிக்கிறது. லாக்டோபேசிலஸ் என்று மிஞ்சியிருக்கும் கூட்டம் அந்த மருந்துக்குப் பொதுவாகப் பணியும். ராம்னோசஸ், பிளாண்டாரம், ரியூட்டரி போன்றவை செல்சுவரின் அமைப்பாலேயே பணியாது. பழைய பேரினத்தில் ‘லாக்டோபேசிலஸ் வேன்கோமைசினைத் தாங்குமா’ என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாமல் இருந்தது.

லேபிளில் கூடவே வரும் உறவினர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிஃபிடோபாக்டீரியம் உறவினரே இல்லை. டிஸ்ஸியே 1900-ஐ ஒட்டிக் கைக்குழந்தையின் மலத்தில் கண்டது. பல பத்தாண்டுகள் லாக்டோபேசிலஸ் பிஃபிடஸ் என்றே கையேடுகளில் வந்தது. ஆனால் அது ஆக்டினோமைசீட்டோட்டா என்ற முற்றிலும் வேறு தொகுதி; லாக்டிக் அமிலத்தைவிட அசிட்டிக் அமிலத்தை அதிகமாகத் தருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் பேரினம்தான், ஆனால் இதற்கு நெருங்கிய சொந்தம் வாயில் வாழும் சலிவாரியஸ். 1984-ல் அதன் துணைச்சிற்றினமாகக்கூட ஆக்கினார்கள். 1991-ல் மறுபடி தனியாக விட்டுவிட்டார்கள். நான் நிஜமாகவே குறை சொல்ல வேண்டியது லாக்டோபேசிலஸ் ஸ்போரோஜீன்ஸ் என்ற பெயரை. அது செல்லாத பெயர். உள்ளே இருப்பது பேசிலஸ் கோயாகுலன்ஸ்; லாக்டிக் அமிலம் தரும், ஆனால் ஸ்போர் உண்டாக்கும், லாக்டோபேசிலஸின் வரிசையிலேயே சேராது. அதன் பெயரும் நிற்கவில்லை: 2020-ல் வைஸ்மேனியா, அதற்குப் பிறகு ஹெய்ண்ட்ரிக்சியா. லேபிளில் ஸ்போரோஜீன்ஸ் என்று பார்த்தால், அதை எழுதியவர் வகைப்பாட்டைப் பல வருடமாகத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, ஆய்வேடு. தலைப்பிலும் உடலிலும் புதிய பெயரை எழுதுங்கள். முதல் தடவை வரும்போது முன்பு லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் எனப்பட்டது என்று ஒரு வார்த்தை சேருங்கள். பழைய கட்டுரைகளின் தலைப்பை மேற்கோளில் திருத்தாதீர்கள். அவர்கள் எழுதியபடியே இருக்க வேண்டும். சுருக்கெழுத்தில் கவனம் தேவை. புதிய பேரினங்களில் பலவற்றை எல் என்ற எழுத்தில் தொடங்கும்படி வைத்ததால் பழைய ஒற்றையெழுத்துச் சுருக்கம் பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒரே பக்கத்தில் லாக்டோகாக்கஸ், லியூகோனோஸ்டாக், லாக்டிகேசிபேசிலஸ் மூன்றும் வந்தால் படிப்பவர் திணறுவார். அப்படிப்பட்ட அத்தியாயத்தில் முழுப்பெயரையே எழுதுங்கள், அல்லது மூன்றெழுத்துச் சுருக்கத்தை முதலிலேயே விளக்கிவிடுங்கள். எல்லாப் பேரினத்தையும் சேர்த்துப் பேச வேண்டிய இடத்தில் ‘லாக்டோபேசிலை’ (lactobacilli) என்று பொதுப்பெயராக எழுதலாம். 2020 கட்டுரையே அதற்கு இடம் விட்டிருக்கிறது. நீங்களே தனிமைப்படுத்திய ஸ்ட்ரெய்னுக்கு ஓர் எண் கொடுத்து, சேகரிப்பு மையம் ஒன்றில் வைத்து, வரிசையைத் தரவுத்தளத்தில் பதிந்து, அந்தப் பதிவெண்ணையும் எழுதுங்கள். கட்டுரை தேடும்போது பழைய பெயர், புதிய பெயர், ஸ்ட்ரெய்ன் எண் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். ஒரு சிற்றினத்தின் இன்றைய நிலை தெரிய எல்பிஎஸ்என் என்ற இணையப் பட்டியல் இருக்கிறது. 1997-ல் யூசெபி என்பவர் தொடங்கியது, இப்போது ஜெர்மனியின் டிஎஸ்எம்ஜெட் நிறுவனம் நடத்துகிறது. எந்தப் பெயர் எந்த வருடம், எந்த டைப் ஸ்ட்ரெய்ன், எது எதற்கு இணைப்பெயர் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தின வாரம் உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அங்கே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.